பூக்கடைக் கணக்கை வரிசையாக, தானாக ஓட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைகளுக்கும் கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்கும் கணக்கு சாஃப்ட்வேர் எழுதித் தரும் பிள்ளைகள் கேட்பவை பாதி. அதைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் முதலாளிகள் கேட்பவை மீதி. பதில்களில் பெரும்பாலும் ஒரே கடைதான் வரும். திருமங்கலம், உசிலம்பட்டி, சிலைமான் பக்கத்து விவசாயிகளின் மல்லியை எடை போட்டு விற்றுக்கொடுக்கும் கமிஷன் கடை. அன்றைய வியாபாரம் ஓய்ந்ததும் அங்கே ஐந்து வேலைகள் ஓட வேண்டும். எல்லாக் கவுண்டர் எடைச் சீட்டுகளையும் ஒன்றாகச் சேர்ப்பது முதல் வேலை. கமிஷனும் முன்பணமும் கழித்து ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவது இரண்டாவது. பேங்குக்கு அனுப்பும் ஃபைலைத் தயாரிப்பது மூன்றாவது. விவசாயிக்கு எஸ்எம்எஸ் நான்காவது. பேக்கப் ஐந்தாவது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் சீக்கிரம் முடியுமே, வரிசை எதற்கு?

ஒன்றின் விளைச்சல் இன்னொன்றுக்குத் தேவைப்படும் இடத்தில் மட்டும்தான் வரிசை வேண்டும். சீட்டு சேராமல் கணக்குப் போட முடியாது. கணக்கு இல்லாமல் பேங்க் ஃபைல் இல்லை. ஆனால் கணக்கு முடிந்த பிறகு, கடைக்கான தினசரி ரிப்போர்ட்டும் பேங்க் ஃபைலும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்பதில்லை, இரண்டும் ஒரே சமயத்தில் ஓடலாம். தேவையில்லாத இடத்தில் வரிசை வைத்தால் நேரம்தான் வீண். தேவையான இடத்தில் விட்டால் பணம் வீண்.

லினக்ஸில் குறித்த நேரத்துக்கு வேலையைக் கிளப்பும் க்ரானில் பகல் 12 மணிக்கு முதல் வேலை, 12:15-க்கு இரண்டாவது, 12:30-க்கு மூன்றாவது என்று போட்டிருக்கிறேன். போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு கடையில் இப்படித்தான் போட்டிருந்தார்கள். ஆடி மாதம் முழுக்கச் சோதித்துப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, சீட்டு குறைவு. முதல் வேலை மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சப் பன்னிரண்டு நிமிடம் சும்மா கிடக்கும். ஆவணி பிறந்து முதல் முகூர்த்தம் வந்தது. முந்தின நாள் சீட்டுகள் குவிந்தன. 12:15 ஆனபோது முதல் வேலை பாதிதான் ஓடியிருந்தது. இரண்டாவது வேலைக்கு அது எப்படித் தெரியும்? கடிகாரம் சொன்னது, கிளம்பிவிட்டது. சேர்ந்திருந்த பாதிச் சீட்டுக்கு அழகாகக் கணக்குப் போட்டது. மூன்றாவது அதை வைத்துப் பேங்க் ஃபைல் போட்டது. எந்த இடத்திலும் ஒரு எர்ரர் கூட வரவில்லை. மறுநாள் விடியற்காலையில் விவசாயிகள் கடை வாசலில் நின்றபோதுதான் விஷயமே வெளியே வந்தது.

கால்மணி இடைவெளியை அரைமணி ஆக்குவது தீர்வு ஆகாது. தை மாதத்தில் இன்னொரு முகூர்த்தம் வரும், அப்போது அரைமணியும் பத்தாது. கடிகாரம் முதல் வேலையை மட்டும் கிளப்பட்டும். இரண்டாவதைக் கிளப்ப வேண்டியது முதலாவதின் முடிவு, அதுவும் நல்லபடியாக முடிந்த முடிவு.

"நல்லபடியாக முடிந்தது" என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு புரோகிராமும் முடியும்போது ஒரு எண்ணை விட்டுவிட்டுப் போகும். எக்ஸிட் கோட் என்பார்கள். 0 என்றால் சுகம், வேறு எது வந்தாலும் கோளாறு. லினக்ஸில் சில எண்களை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம்: 127 என்றால் அந்தக் கமாண்டே அகப்படவில்லை, 126 என்றால் அகப்பட்டது, ஓட்ட அனுமதி இல்லை, 137 என்றால் நடுவில் யாரோ கழுத்தைப் பிடித்துவிட்டார்கள், பெரும்பாலும் மெமரி தீர்ந்து ஆபரேட்டிங் சிஸ்டமே கொன்றிருக்கும்.

கமாண்டுகளைத் தட்டி ஓட்டும் ஷெல்லில் இரண்டு கமாண்டுகளுக்கு நடுவே ; போட்டால் முதலாவது செத்தாலும் இரண்டாவது ஓடும். && போட்டால் முதலாவது 0 தந்தால்தான் இரண்டாவது ஓடும். ஸ்கிரிப்ட்டின் தலையில் "செட் மைனஸ் ஈ" (set -e) என்று எழுதிவிட்டால், ஒரு வரி தோற்ற உடனே மொத்த ஸ்கிரிப்ட்டும் நின்றுவிடும். அதையும் கண்ணை மூடி நம்பக் கூடாது: இஃப் நிபந்தனைக்குள் இருக்கும் கமாண்டோ, &&-க்கு இடது பக்கம் இருப்பதோ தோற்றால் அது நிறுத்தாது.

இதைவிட மோசம், புரோகிராமே பொய் சொல்வது. எர்ரரைப் பிடித்து, "தவறு நேர்ந்தது" என்று திரையில் எழுதிவிட்டு, 0 என்று முடிக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட்டுகள் ஊரெல்லாம் உண்டு. திரையில் எழுதியதை அடுத்த படி படிக்காது. எண்ணை மட்டும்தான் பார்க்கும்.

பேக்கப் தினமும் "சக்சஸ்" என்று வருகிறது. ஆனால் ஃபைல் 20 பைட்தான் இருக்கிறது. ஏன்?

டேட்டாபேஸை நகலாக டம்ப் எடுத்து, ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குக் கடத்தும் பைப் போட்டு, ஃபைலைச் சுருக்கும் ஜிஜிப்புக்குக் கொடுத்திருப்பீர்கள். பைப்பில் இணைந்த கமாண்டுகளில் கடைசியாக நிற்பதன் எக்ஸிட் கோடைத்தான் பாஷ் என்ற ஷெல் எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டு மாறியதால் டம்ப் தோற்றது. ஜிஜிப்புக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. அது ஒன்றுமில்லாததைப் பொறுப்பாகச் சுருக்கி வைத்து 0 என்றது. வெறுமையை ஜிஜிப் செய்தால் வருவது சரியாக 20 பைட். ஸ்கிரிப்ட் தலையில் "செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில்" (set -o pipefail) சேர்த்தால் நடுவில் எது தோற்றாலும் தெரிந்துவிடும். கூடவே, பேக்கப் ஃபைலின் அளவு நேற்றையதில் பாதிக்கும் கீழே போனால் நிறுத்து என்று ஒரு வரி போடுங்கள்.

எங்கள் கடையில் விண்டோஸ்தான். லினக்ஸ் கதை எங்களுக்கு எதற்கு?

சரி, விண்டோஸுக்கு வருவோம். டாஸ்க் ஷெட்யூலரில் "இது முடிந்ததும் அது" என்று நேராகச் சொல்ல இடம் இல்லை. ஈவன்ட்டைப் பிடித்துச் சுற்றி வளைத்துச் செய்யலாம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒரே ஒரு பேட்ச் ஃபைலை ஷெட்யூலரில் போட்டு, ஐந்து வேலைகளையும் அதற்குள் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பிறகு எர்ரர்லெவல் (எக்ஸிட் கோடுக்கு அங்கே அதுதான் பெயர்) பார்த்து, 0 இல்லையென்றால் வெளியேறுங்கள்.

அங்கே எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. ஒரு பேட்ச் ஃபைலுக்குள்ளிருந்து இன்னொரு பேட்ச் ஃபைலைக் கூப்பிடும்போது முன்னால் "கால்" (call) என்ற கட்டளை வேண்டும். அது இல்லாவிட்டால் கட்டுப்பாடு அந்த இரண்டாவது ஃபைலோடு போய்விடும், திரும்பி வராது. முதல் வேலை ஓடும், மற்ற நான்கும் ஓடாது, எர்ரரும் வராது. "நேற்று வரை ஓடியதே" என்பார்கள். நேற்று வரை அது எக்ஸ்இ ஃபைலாக இருந்திருக்கும், அதற்குக் "கால்" தேவையில்லை.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் போட்டால் ஓடவில்லை.

இரண்டு இடங்களைப் பாருங்கள். க்ரான் உங்கள் லாகின் சூழலை எடுத்துக்கொள்வதில்லை. அதற்குத் தெரிந்த பாத், அதாவது கமாண்டுகளைத் தேடும் இடங்களின் பட்டியல், மிகச் சின்னது. கமாண்டுகளுக்கு முழு முகவரி கொடுங்கள். அடுத்தது, க்ரான்டேப் வரியில் % குறி இருந்தால் அதைப் புதிய வரியாக எடுத்துக்கொள்ளும். ஃபைல் பெயரில் தேதி வரவேண்டும் என்று % குறியோடு டேட் கமாண்டை அங்கேயே எழுதுபவர்கள் இதில் மாட்டுவார்கள். தேதி வேலையை ஸ்கிரிப்ட்டுக்குள் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

பகல் 12-க்கு என்று எழுதினேன், சாயங்காலம் 5:30-க்கு ஓடுகிறது!

கிளவுட் சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. நாம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நம் பகல் 12 அங்கே காலை 6:30. வேலைகளை வரிசையாக ஓட்டும் கருவிகளான கிட்ஹப் ஆக்ஷன்ஸ், ஏர்ஃப்ளோ இரண்டும் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் யூடிசியைத்தான் எடுத்துக்கொள்ளும். கிழமையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்: நமக்குத் திங்கள் விடியற்காலை 4 மணி, யூடிசியில் ஞாயிறு இரவு 10:30. நல்லது என்று ஒன்றைச் சொல்லிக்கொள்ளலாம், நமக்குக் கோடைகால நேர மாற்றம் கிடையாது; ஒருமுறை சரியாகப் போட்டால் போட்டதுதான்.

கிட்ஹப்பில் குறித்த நேரத்துக்கே ஓடும் என்றும் நம்ப வேண்டாம். நெரிசல் நேரத்தில் தாமதமாகும். உங்கள் கோட் இருக்கும் ரெப்போ எல்லோருக்கும் திறந்த பொது ரெப்போவாக இருந்து 60 நாள் யாரும் தொடாமல் விட்டால் அந்த நேர அட்டவணையே அணைக்கப்படும். பேங்க் ஃபைலை அதில் நம்பி வைப்பவரை என்ன சொல்வது.

மூன்றாம் படியில் நின்றுவிட்டது. முதலிலிருந்து ஓட்டுவதா, நின்ற இடத்திலிருந்தா?

இரண்டும் செய்யக்கூடியதாக ஒவ்வொரு படியையும் எழுதியிருக்க வேண்டும். அதாவது, ஒரே நாளுக்கு ஒரு படியை இரண்டு தடவை ஓட்டினாலும் ஒரு தடவை ஓட்டியதன் பலன்தான் மிஞ்ச வேண்டும்.

கணக்குப் போடும் படியை எடுத்துக்கொள்ளுங்கள். "இன்றைய தொகையை விவசாயி பாக்கியில் கூட்டு" என்று எழுதியிருந்தால் இரண்டாம் தடவை ஓடும்போது இரட்டிப்பாகிவிடும். "இந்தத் தேதி, இந்த விவசாயி எண், இந்தத் தொகை, ஏற்கெனவே இருந்தால் மாற்றி எழுது" என்று எழுதியிருந்தால் பத்துத் தடவை ஓட்டினாலும் ஒரே பதில். தேதியும் விவசாயி எண்ணும் சேர்ந்த யுனிக் கீயை (ஒரே சேர்க்கையை இரண்டு தடவை ஏற விடாத பூட்டு) டேட்டாபேஸிலேயே வைத்துவிட்டால் நீங்கள் மறந்தாலும் அது மறக்காது.

எஸ்எம்எஸ் படிக்கு அது பத்தாது, ஏனென்றால் போன செய்தி போனதுதான். அனுப்புவதற்கு முன்னால் ஒரு டேபிளில் "அனுப்பப் போகிறேன்", பதில் வந்ததும் "அனுப்பியாயிற்று" என்று குறித்துக்கொள்ள வேண்டும். நடுவில் செத்தால் முதல் நிலையில் நிற்பவை மட்டும் சந்தேகக் கேஸ். அவற்றை ஒரு ஆள் பார்த்து முடிவு செய்யட்டும். பேங்க் ஃபைலுக்கும் இதே முறைதான், இன்னும் கறாராக.

தோற்றால் தானாகவே மறுபடி முயற்சி செய்யச் சொல்லலாமா?

நெட் போனது, எதிர்ப்பக்க சர்வர் பிஸி என்ற வகைத் தோல்விக்கு மட்டும். ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய் ஓரிடத்தில் கைவிட வேண்டும். பாஸ்வேர்டு தவறு, ஃபைல் இல்லை, தொகை பொருந்தவில்லை என்பதற்கெல்லாம் மறுமுயற்சி வீண். தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தட்டினால் பேங்க் கணக்கு லாக் ஆகும் அபாயமும் உண்டு.

எஸ்எம்எஸ் கேட்வே "சக்சஸ்" என்றது. விவசாயி வரவில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

இருவருமே. "உன் கோரிக்கையை வாங்கிக்கொண்டேன்" என்பதுதான் கேட்வே சொன்ன சக்சஸ். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, டிஎல்டி என்ற பதிவேட்டில் பதிந்த ஹெடரும் (அனுப்புபவர் பெயர்) டெம்ப்ளேட்டும் (செய்தி வாசகம்) பொருந்தாவிட்டால் செய்தி பிறகு வழியிலேயே தள்ளுபடி ஆகும். டெலிவரி ரிப்போர்ட் வாங்கிப் பார்ப்பதைத் தனிப் படியாக, சற்றுத் தள்ளி வையுங்கள்.

பேங்கிலும் இப்படித்தான். பேங்குக்குப் பேங்க் பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது, ஆனால் அரைமணிக்கு ஒரு கட்டாகத்தான் தீர்வாகிறது. ஃபைலை ஏற்றியதும் "பணம் வந்துவிட்டது" என்று செய்தி அனுப்பும் வரிசை பொய் சொல்லும் வரிசை. "அனுப்பியுள்ளோம்" என்று எழுதுங்கள், அல்லது பேங்க் பதிலுக்குக் காத்திருக்கும் படி ஒன்றை நடுவே போடுங்கள்.

நடுவில் முதலாளி பார்த்து ஓகே சொல்ல வேண்டும் என்கிறார். அது தானியங்கி ஆகுமா?

தாராளமாக ஆகும். அவர் கேட்பது நியாயமும் கூட. ஜென்கின்ஸ் என்ற வரிசை ஓட்டும் கருவியில் இன்புட் என்று ஒரு படி உண்டு, ஆள் அழுத்தும்வரை வரிசை காத்திருக்கும். கிட்ஹப்பில் ஒரு சூழலுக்கு (environment) ஒப்புதல் தருபவரைக் குறிக்கலாம். சொந்தமாக எழுதினால் ஒரு பட்டன் போதும்.

ஆனால் முதலாளியிடம் வெறும் "ஓகேவா?" என்று கேட்காதீர்கள். தினமும் கேட்டால் தினமும் ஓகே என்பார். அதற்கு முன்னால் சரிபார்ப்புப் படி ஒன்று ஓடட்டும்: கவுண்டர்களில் அடித்த சீட்டு எத்தனை, சேர்ந்த சீட்டு எத்தனை, கவுண்டர் மொத்தக் கிலோ எவ்வளவு, கணக்கில் ஏறிய கிலோ எவ்வளவு. இரண்டும் பொருந்தாவிட்டால் முதலாளி வரைக்கும் போகவே கூடாது, அங்கேயே நிற்க வேண்டும். பொருந்தினால் அந்த நான்கு எண்களையும் காட்டி ஓகே வாங்குங்கள். ஆவணிக் கதையில் வந்த கடையில் இந்த ஒரு படி இருந்திருந்தால், கடிகார வரிசையாகவே இருந்தும் பேங்க் ஃபைல் கிளம்பியிருக்காது. ஐந்து வேலைகளுக்கு நடுவில் ஆறாவதாக எதையாவது சேர்க்கச் சொன்னால் இதைத்தான் சேர்ப்பேன்.

ஒரு படி தரும் ஃபைலை அடுத்த படி பாதியிலேயே எடுத்துவிடாமல் எப்படித் தடுப்பது?

தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். முழுதாக எழுதி மூடிய பிறகு உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். ஒரே டிஸ்க் பார்ட்டிஷனுக்குள் லினக்ஸில் பெயர் மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும்; அடுத்த படிக்கு ஃபைல் முழுசாகத் தெரியும், இல்லையென்றால் தெரியவே தெரியாது.

கீழமாசி வீதியில் எங்கள் கடை ராத்திரி கணக்கு முடிக்க 11:50 ஆகிவிடும். சில நாள் கணக்கு இரண்டு தேதியில் விழுகிறது.

ஒவ்வொரு படியும் தானே "இன்று என்ன தேதி" என்று கேட்டுக்கொள்கிறது. முதல் படி 11:58-க்குக் கேட்டது, மூன்றாம் படி 12:03-க்குக் கேட்டது. வரிசை கிளம்பும்போது தேதியை ஒருமுறை எடுத்து, எல்லாப் படிக்கும் அதையே கையில் கொடுத்து அனுப்புங்கள். இதில் இன்னொரு லாபம்: போன வாரம் ஒரு நாள் விட்டுப்போனால், அந்தத் தேதியைக் கொடுத்து இன்றைக்கு ஓட்டலாம்.

கரன்ட் போய்விட்டால்?

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில்தான் வருகிறது, பூக்கடை வரிசை ஓடும் நேரமும் பகல்தான். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் "தவறிய வேலையை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு" என்ற டிக் இருக்கிறது, போட்டுவிடுங்கள். மின்இணைப்பில் இருந்தால்தான் ஓட்டு என்ற டிக் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். லேப்டாப்பில் அதை எடுத்துவிடுங்கள். லினக்ஸில் க்ரான் தவறியதைத் தவறியதாகவே விட்டுவிடும், அதற்குப் பதிலாக வைக்கும் சிஸ்டம்டி டைமரில் "பெர்சிஸ்டென்ட்" போட்டால் எழுந்ததும் ஓட்டும்.

கரன்ட் வந்ததும் பழையதும் புதியதும் ஒன்றாகக் கிளம்பி மோதாமல் இருக்க எஃப்லாக் கமாண்டால் "மைனஸ் என்" (flock -n) சேர்த்துப் பூட்டுப் போடுங்கள்: ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது வந்த வழியே திரும்பிவிடும்.

கிட்ஹப் ஆக்ஷன்ஸில் மேலே எழுதியது முதலில் ஓடும் என்று நினைத்தேன்.

ஒரு ஜாபுக்குள் இருக்கும் ஸ்டெப்கள் அப்படித்தான், எழுதிய வரிசைப்படி. ஜாப்கள் அப்படி இல்லை; நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். "நீட்ஸ்" என்று எழுதி, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். கிட்ஹப் தரும் மெஷினில் ஒவ்வொரு ஜாபும் புத்தம் புதிதாகத் தொடங்குகிறது. முதல் ஜாபில் எழுதிய ஃபைல் இரண்டாவதில் இருக்காது, ஆர்ட்டிஃபாக்ட் என்ற சேமிப்பாக முதலாவதில் ஏற்றி, இரண்டாவதில் இறக்க வேண்டும். தோற்றாலும் ஓட வேண்டிய படிக்கு, அதாவது எச்சரிக்கைச் செய்திக்கு, "ஆல்வேஸ்" நிபந்தனை. நேர வரம்பு சொல்லாவிட்டால் தொங்கிப்போன ஜாப் 360 நிமிடம் கழித்துத்தான் அறுபடும்.

ஏர்ஃப்ளோ, ஜென்கின்ஸ், க்ரான்: எதை எடுப்பது?

ஒரு கடை, ஐந்து வேலை, ஒரு கம்ப்யூட்டர் என்றால் ஒரு ஸ்கிரிப்ட்டும் க்ரானும் போதும். ஏர்ஃப்ளோ ஏர்பிஎன்பி கம்பெனிக்குள் 2014-ல் பிறந்தது, அவ்வளவு பெரிய இடத்துத் தேவைக்கு. வேலைகளைக் கிளைகளாகப் பிரித்து, எது எதைச் சார்ந்தது என்று பைத்தானில் எழுதி, நின்ற இடத்திலிருந்து ஒரு கிளிக்கில் ஓட்டலாம். நல்ல கருவிதான், ஆனால் அதற்கே ஒரு டேட்டாபேஸ், ஒரு ஷெட்யூலர், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். இருபது கடைகளுக்கு ஒரே இடத்திலிருந்து ஓட்டும் நாள் வந்தால் யோசியுங்கள்.

மேக் என்ற கருவியை யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. திருத்திய ஃபைலைக் கம்பைல் செய்ய (ஓடும் வடிவத்துக்கு மாற்ற) மறந்துவிட்டு, சரியான புரோகிராமில் பிழை தேடி ஒரு காலைப் பொழுதைத் தொலைத்த சகா அவரிடம் வந்து புலம்பியதுதான் தொடக்கம். எது எதைச் சார்ந்தது என்று எழுதிக்கொடுத்தால், மாறியதற்குக் கீழே இருப்பதை மட்டும் மறுபடி ஓட்டும். ஃபைல்களிலேயே முடிகிற வரிசைக்கு இன்றைக்கும் இதைவிட இலகுவானது அபூர்வம்.

தோல்வி வந்தால் மெயில் வரும்படி வைத்திருக்கிறேன். அது போதுமா?

வரிசை கிளம்பவே இல்லையென்றால் மெயில் அனுப்புவது யார்? வெற்றிச் செய்தி இத்தனை மணிக்குள் வராவிட்டால் கூவு என்று வேறொரு மெஷினில் வையுங்கள். செய்தியில் கடை பெயர், தேதி, நின்ற படி, கடைசி சில லாக் வரிகள் இருந்தால் போதும். "எர்ரர் நேர்ந்தது" என்று மட்டும் வரும் மெயிலை யாரும் திறக்க மாட்டார்கள்.

இதைப் பார்த்துக்கொள்ள மதுரையில் ஆள் கிடைப்பார்களா? எப்படித் தேர்ந்தெடுப்பது?

கிடைப்பார்கள். இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் (தமிழக அரசின் மின்னணு நிறுவனம்) ஐடி வளாகங்களில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். சர்டிஃபிகேட்டைப் பார்க்காதீர்கள். உங்கள் கடையில் இப்போது ஓடும் பேட்ச் ஃபைலையே அச்செடுத்துக் கையில் கொடுத்து, "மூன்றாவது வரி பாதியில் நின்றால் என்னென்ன கெடும், யாருக்கு இரண்டு தடவை பணம் போகும்?" என்று கேளுங்கள். உடனே கருவிப் பெயர்களை அடுக்குபவரை அனுப்பிவிடுங்கள். பேனா வாங்கி, வரிகளுக்கு நடுவே அம்புக்குறி போட ஆரம்பித்து, "இந்த எஸ்எம்எஸ் போன பிறகு பேங்க் ஃபைல் திரும்பி வந்தால் என்ன செய்வீங்க?" என்று உங்களையே திருப்பிக் கேட்பவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.